கசிந்த முன்னோட்டமும் பழைய கணினியின் ஆயுளும்

இயங்குதளம் என்பது, கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் மென்பொருள்களுக்கும் நடுவில் இருந்து, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைக் காத்து, விசைப்பலகை முதல் அச்சுப்பொறி வரை அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருளாகும். அதன் அடுத்த பதிப்பு உருவாகிக்கொண்டிருக்கும்போதே முற்றுப்பெறாத வடிவங்கள் வெளியே கசிவதும், அவற்றைக் கொண்டு உலகெங்கும் ஊகங்கள் எழுவதும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகின்றன. மும்பையில் இந்த ஊகங்கள் ஆர்வலர்களின் பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகிலுள்ள லேமிங்டன் சாலையில் பயன்படுத்திய கணினிகளை வாங்கிவந்து, தாராவியிலோ செம்பூரிலோ கணினி வகுப்போ ஜெராக்ஸ் கடையோ நடத்துகிறவருக்கு, அடுத்த இயங்குதளம் எந்தக் கணினியில் ஓடும், எதில் ஓடாது என்பது கைமுதல் பற்றிய கேள்வி. 2021ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 கசிந்தபோது, ஊகம் செய்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கவனிக்கத் தவறினார்கள்.

அந்த ஊகம் அத்தனை சூடு பிடித்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 2015 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டின் இக்னைட் மாநாட்டில் அந்நிறுவன ஊழியர் ஜெரி நிக்ஸன், விண்டோஸ் 10தான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று பேசினார். இனிப் புதிய எண்ணுடன் எதுவும் வராது, இருக்கும் பதிப்பே அவ்வப்போது புதுப்பிக்கப்படும் என்று அது பொருள்கொள்ளப்பட்டு, ஆறு ஆண்டுகள் பரவலாக நம்பப்பட்டது. ஆகவே, ஹைதராபாத்தில் பிறந்து அந்நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்த சத்யா நாதெள்ளா, பத்தாண்டுகளில் விண்டோஸ் காணும் மிக முக்கியமான மேம்பாடுகளில் ஒன்று விரைவில் வருகிறது என்று 2021 மே மாதம் அறிவித்தபோது, அதன் பெயர் என்ன என்பதே முதல் ஊகமாயிற்று. அதை அறிமுகப்படுத்த ஜூன் 24 அன்று நடக்கவிருந்த நிகழ்ச்சியின் அழைப்புப் படத்தில், ஜன்னல் வழியே தரையில் விழும் ஒளியில் குறுக்குச் சட்டத்தின் நிழல் மட்டும் காணப்படவில்லை. எஞ்சிய இரண்டு நெடும்பட்டைகள் 11 என்ற எண்ணாகத் தெரிந்தன. நிகழ்ச்சி தொடங்கும் நேரம் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் காலை 11 மணி, இந்தியாவில் இரவு 8.30. பழைய விண்டோஸ் பதிப்புகளின் தொடக்க ஒலிகளை மெதுவாக்கி நிறுவனம் வெளியிட்ட காணொளியும் 11 நிமிடம் ஓடியது. நிறுவனமே குறிப்புகளைத் தூவி ஊகத்தை வளர்க்கும்போது, கசிவு எது, விளம்பரம் எது என்று வாசகர் பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது என்பதை இங்கே குறித்தாக வேண்டும்.

இந்நிலையில் ஜூன் 15 அன்று, சீனாவின் பைடு தளத்தில் புதிய இயங்குதளத்தின் திரைப்பிடிப்புகள் தோன்றின. சிறிது நேரத்தில் முழு இயங்குதளமும் ஐஎஸ்ஓ கோப்பாகவே வெளிவந்துவிட்டது. ஐஎஸ்ஓ என்பது, நிறுவல் வட்டு ஒன்றில் இருக்கும் அனைத்தையும் ஒரே கோப்பாகப் படியெடுத்த வடிவம். அதைப் பென் டிரைவில் ஏற்றினால் எந்தக் கணினியிலும் நிறுவத் தொடங்கலாம். கசிந்த பதிப்பின் எண் 21996.1. இத்தகைய எண்ணைப் பில்ட் எண் என்பர். பல்லாயிரம் பொறியாளர்கள் எழுதும் நிரல்கள் அன்றாடம் ஒன்றுசேர்க்கப்பட்டு ஓடக்கூடிய வடிவமாகத் தொகுக்கப்படும்போது, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் இடப்படுகிறது. ஆகவே கசிந்த கோப்பு எதுவாயினும், அது வேலையின் ஒரு குறிப்பிட்ட நாளுக்கான சாட்சி மட்டுமே. மறுநாள் தொகுப்பில் எது சேரும், எது நீங்கும் என்பதை அது சொல்லாது.

திரையின் நடுவுக்கு வந்த ஸ்டார்ட் பொத்தான், மூலைகள் வளைந்த சாளரங்கள், புதிய தொடக்க ஒலி, செய்தியும் வானிலையும் காட்டும் பக்கப் பலகை ஆகியவற்றைப் பற்றியே அடுத்த ஒன்பது நாட்களும் பேச்சாக இருந்தது. ஆனால் அதே கோப்பை நிறுவ முயன்றவர்களில் பலர் ஒரு தடையையும் சந்தித்தார்கள். தங்கள் கணினியில் டிபிஎம் 2.0 இல்லை, ஆகவே விண்டோஸ் 11 ஓடாது என்ற அறிவிப்பு திரையில் வந்தது. டிபிஎம் என்பது, கடவுச்சொற்களையும் மறைகுறியீட்டுச் சாவிகளையும் ஏனைய மென்பொருள்கள் எட்டாதபடி காக்கும் பாதுகாப்புப் பகுதி. தாய்ப்பலகையில் தனிச் சில்லாகவோ பிராசசரின் உள்ளேயே ஓர் அங்கமாகவோ அது அமைந்திருக்கும். விண்டோஸ் 10இன் நிறுவல் வட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மாற்றிவைத்தால் தடை விலகுகிறது என்று உடனே கண்டுபிடிக்கப்பட்டது; அதோடு அந்த அறிவிப்பு தாண்டிச் செல்ல வேண்டிய சிறு இடையூறாகக் கருதப்பட்டு மறக்கவும்பட்டது. கசிவிலிருந்து கிடைத்த செய்திகளிலேயே சாமானியரின் பணப்பையைத் தொடும் செய்தி அதுதான்.

ஜூன் 24 அன்று அது உறுதியாயிற்று. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், நம்பகமான நிரலை மட்டுமே கணினி தொடங்க அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 ஆகியவற்றோடு, பிராசசர் இன்டெல்லாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகவும், ஏஎம்டியாயின் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை 2017இல்தான் சந்தைக்கு வந்தது. அதாவது, நான்கைந்து ஆண்டுகளே ஆன, நன்றாக இயங்கும் கணினிகள்கூட ஒரே நாளில் பழையனவாயின. தகுதியைச் சரிபார்க்க அந்நிறுவனமே வழங்கிய மென்பொருள், காரணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் தகுதியில்லை என்று மட்டும் காட்டிக் குழப்பியதால், சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இந்த நிபந்தனை மும்பையின் சிறு பயனாளரை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டும். லேமிங்டன் சாலையில் விற்கும் பயன்படுத்திய கணினிகளில் பெரும்பகுதி, அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்டவை. மகாராஷ்டிரத்தில் அரசு வேலைக்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் கற்கும் எம்எஸ்-சிஐடி என்ற கணினிப் படிப்பு விண்டோஸையும் ஆஃபீஸ் மென்பொருளையும் சுற்றியே அமைந்திருக்கிறது. அதைக் கற்றுத்தரும் சிறு மையங்கள் தாராவியின் சந்துகளிலும் உண்டு, செம்பூரின் கடைத்தெருக்களிலும் உண்டு. மாட்டுங்காவின் விஜேடிஐ போன்ற பெரிய கல்லூரி கணினிக்கூடத்தை முறைவைத்துப் புதுப்பித்துக்கொள்ளும். பத்துக் கணினிகளைத் தவணையில் வாங்கி வகுப்பு நடத்துகிறவருக்கு அந்த வழி இல்லை. வளைந்த மூலைகளைப் பற்றிய ஊகம் அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. டிபிஎம் 2.0 தடை பற்றிய ஒரு வரி ஜூன் 15 அன்றே அவரை அடைந்திருந்தால், அடுத்து வாங்கும் கணினியை அவர் வேறு விதமாகத் தேர்ந்திருப்பார்.

கசிவுகள் பல வழிகளில் நிகழ்கின்றன. புதிய கணினிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பிராசசர் நிறுவனங்களுக்கும் சோதனைக்காக முற்றுப்பெறாத பதிப்புகள் முன்கூட்டியே அனுப்பப்படுகின்றன. கைமாறும் இடங்கள் பெருகப் பெருகக் கசியும் வாய்ப்பும் பெருகுகிறது. சில நேரம் கசிவு உள்ளிருந்தே வருகிறது. விண்டோஸ் 8 தொடர்பான வெளிவராத நிரல்களைப் பிரான்சைச் சேர்ந்த ஒருவருக்கு அனுப்பியதற்காக, முன்னாள் மைக்ரோசாஃப்ட் ஊழியர் அலெக்ஸ் கிப்கேலோ 2014இல் அமெரிக்காவில் கைதாகி மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மூன்றாவது வழி, நிறுவனமே முறைப்படி வெளியிடும் முன்னோட்டங்களைத் துருவுவது. 2014 அக்டோபரில் தொடங்கிய விண்டோஸ் இன்சைடர் திட்டத்தின்கீழ் விருப்பமுள்ள எவரும் சோதனைப் பதிப்பைப் பெறலாம். அதில் அணைத்துவைக்கப்பட்டிருக்கும் வசதிகளை ஆர்வலர்கள் தனிக் கருவிகளைக் கொண்டு இயக்கிப் பார்த்து, வரவிருப்பதைக் கணிக்கிறார்கள். அணைத்துவைக்கப்பட்ட எல்லாமே பின்னர் வெளிவருவதில்லை என்பதைத்தான் இந்தக் கணிப்புகள் அடிக்கடி மறக்கின்றன.

இதற்கு லாங்ஹார்ன் என்ற குறிப்பெயர் கொண்ட விண்டோஸ் பதிப்பின் கதையைவிடச் சிறந்த சான்று கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அடுத்ததாக உருவான அப்பதிப்பின் முன்னோட்டம் 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் மென்பொருள் உருவாக்குநர்களுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பருக்குள் மலேசியாவின் ஜொகூர் பாருவில் அதன் திருட்டு வட்டு 6 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கோப்புகளைத் தரவுத்தளம்போல் உறவுபடுத்தித் தேடித்தரும் வின்எஃப்எஸ் என்ற அமைப்பே அதன் பெரிய வாக்குறுதியாக இருந்தது. 2004 ஆகஸ்டில் அந்த அமைப்பு கைவிடப்பட்டு, பணி ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்கப்பட்டு, 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா என்ற பெயரில் வேறொரு பொருள் பொதுமக்களிடம் வந்துசேர்ந்தது. 6 ரிங்கிட் கொடுத்தவர்கள் வாங்கிச் சென்றது, ஒருபோதும் வெளிவராத இயங்குதளம் ஒன்றை.

அண்மைக்காலத்திலும் இதுவே நடந்தது. 2022 அக்டோபரில் ஒரு மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சியின் திரையில், பணிப்பட்டை மிதப்பதுபோன்ற ஒரு வடிவம் சில நொடிகள் தென்பட, விண்டோஸ் 12 வருகிறது என்று கட்டுரைகள் குவிந்தன. 2024இல் வந்தது விண்டோஸ் 11இன் 24எச்2 என்ற மேம்பாடு மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் விண்டோஸ் 12க்காகக் காத்திருந்து கணினி வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் பதில் சொல்லவில்லை.

கசிந்த கோப்பை நிறுவிப் பார்ப்பதில் உள்ள ஆபத்து வேறு வகையானது. 21996.1 என்ற எண்ணையே பெயரில் தாங்கி, 1.75 ஜிபி அளவில் உண்மைக் கோப்புபோலவே தோன்றிய ஒரு நிறுவல் கோப்பு நச்சுநிரல்களை இறக்குவதாக, இணையப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை 2021 ஜூலையில் எச்சரித்தது. அதன் பெரும்பகுதி, அளவைப் பெருக்கிக் காட்டுவதற்காகவே திணிக்கப்பட்ட பயனற்ற தரவு. சட்டமும் இதில் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, உரிமை மீறிய படி என்று தெரிந்தே கணினியில் ஒரு நிரலைப் பயன்படுத்துவது, குறைந்தது ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். வணிகத்துக்காகவோ ஆதாயத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்று நிரூபித்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விடலாம். கட்டணம் வாங்கும் கணினி வகுப்புக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

முன்னோட்டங்கள் எல்லாமே தீங்கானவை என்று இதனால் கொள்ளக்கூடாது. தமிழ், மராத்தி உள்ளிட்ட இந்திய மொழிகளை ஒலிப்பு முறையில் உள்ளிடும் விசைப்பலகைகள், 2018இன் பிற்பகுதியில் இன்சைடர் முன்னோட்டத்தில் முதலில் வைக்கப்பட்டு, பயனர்களின் கருத்துகளுக்குப் பிறகு 2019 மே மேம்பாட்டில் அனைவருக்கும் கிடைத்தன. வீட்டில் தமிழும் வெளியே மராத்தியும் எழுத வேண்டிய மும்பைத் தமிழர்களுக்கு, எந்தத் திரைப்பிடிப்புக் கசிவையும்விடப் பயனுள்ள முன்னோட்டம் அது. முறையான வழியில் சோதிப்பவரின் குறைகூறல் பொறியாளரைச் சென்றடைகிறது. கசிந்த படியில் கண்ட குறையைக் கேட்க அங்கே எவரும் இல்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிவது என்றால் கணினி நின்றுவிடும் என்பதல்ல, புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைக்கப்படமாட்டா என்பதே பொருள். இதனால் உலகெங்கும் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. மும்பையில் அந்தக் குப்பைக்கு முகவரி உண்டு. பழைய பொருள்களை வாங்கும் பங்கார்க் கடைகளில் எடைக்குப் போடப்படும் கணினிகளின் நெகிழி உறைகள், தாராவியின் 13 காம்பவுண்ட் போன்ற இடங்களில் கையால் உடைத்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. அவற்றில் கலந்திருக்கும் தீத்தடுப்பு வேதிப்பொருள்களும், பலகைகளின் பற்றாசில் உள்ள ஈயமும் அந்த வேலை செய்கிறவர்களின் மூச்சிலும் கையிலும் படுகின்றன. நன்றாக ஓடும் கணினி ஒன்று ஒரு சில்லு இல்லாத குறைக்காக அங்கே போய்ச் சேருவது நியாயமன்று.

அதைத் தவிர்க்க வழிகள் இருக்கின்றன. தனிப்பட்ட பயன்பாட்டிலுள்ள விண்டோஸ் 10 கணினிகள், பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகளைப் பெறலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துவைக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணமும் இல்லை. தகுதிபெற்ற கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டுக் கட்டணம் கணினிக்கு ஒரு டாலர்தான். தட்டச்சு, இணையம், கணக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் கணினியில், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தையோ சென்னை சி-டாக் அரசு ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ நிறுவிக்கொள்ளலாம். பயன்படுத்திய கணினியை இனி வாங்குகிறவர்கள், அடுத்த விண்டோஸ் எப்படித் தோன்றும் என்ற செய்திகளை ஒதுக்கிவிட்டு, கடையிலேயே கணினியை இயக்கச் சொல்லி, பிராசசரின் தலைமுறையையும் டிபிஎம் 2.0 இருப்பதையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.