பழைய லேபிள் – 9: உறையூர்ச் சுருட்டுக்கு மிஞ்சிய 15 சதவீதம்

பங்குனியில் ஆயில்யத்தன்று ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளுவார். அன்று அந்த ஊர்ப் பெண்ணான கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி. அதனால் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு உறையூர் என்றால் பெருமாளின் மாமனார் வீடு. ஜவுளி தெரிந்தவர்களுக்குப் பருத்திச் சேலை. விக்டோரியா ராணி காலத்து லண்டன் கனவானுக்கோ உறையூர் தெரியாது, ரங்கநாதரும் தெரியாது. திருச்சியின் ஆங்கிலப் பெயரான 'டிரிச்சினாப்பள்ளி' மட்டும் தெரியும். அது அவர் பிடித்த சுருட்டின் பெயர்.

1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் சிதறிக் கிடந்த சாம்பலை வைத்தே கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். 1890-ல் வந்த அடுத்த நாவலிலும் அந்தக் கறுப்புச் சாம்பல் தலைகாட்டுகிறது. இரண்டு இடத்திலும் கதாசிரியர் கோனன் டாயில் திருச்சி எங்கே இருக்கிறது என்று விளக்க மெனக்கெடவில்லை. ஊர்ப்பெயரைச் சொன்னால் சரக்கு விளங்கிவிடும் அளவுக்கு வியாபாரம் நடந்திருக்கிறது. சர்ச்சிலும் நம்மூர்ச் சுருட்டுக்கு அடிமை என்று திருச்சியில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அவருடைய ஹவானா மோகமும் ஊரறிந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை, புகையிலை திருச்சியுடையதே அல்ல. இலை திண்டுக்கல் பக்கத்தில் விளைந்தது. திருச்சியின் உறையூர் கொடுத்தது கைவேலையை. உள்ளிலையை உருட்டி, மேலிலையைச் சுற்றி, இரண்டு முனையையும் நறுக்கிவிட்டால் சுருட்டு. கேட்க எளிது. இறுகச் சுற்றினால் புகை வராது, தளரச் சுற்றினால் பாதியிலேயே எரிந்து தீர்ந்துவிடும். திண்டுக்கல் தன் இலையை அங்குவிலாஸ் போயிலையாகப் பொட்டலம் கட்டி, வெற்றிலை போடுகிற ஊர்களுக்கெல்லாம் விற்றுப் பிழைத்துக்கொண்டது. உறையூர் நம்பியிருந்த ஆங்கிலேய வாடிக்கையாளரோ கப்பல் ஏறிப் போய்விட்டார். உள்ளூரில் பீடியும் சிகரெட்டும் வந்து உட்கார்ந்தன. கடைசியில் ஃபென் தாம்சன் என்ற வெள்ளைக்காரப் பெயரோடு உறையூரில் ஒரு நிறுவனம்தான் எஞ்சி நின்றது.

பழைய பிராண்டுகளுக்கு மவுசு திரும்பியிருக்கிற இந்தக் காலத்தில் சுருட்டை யாராவது தூசி தட்டி எழுப்பக் கூடாதா? முடியாது. பழைய சரக்கின் பாதி அழகு லேபிளில்தான். 2003-ஆம் வருஷத்துச் சட்டம் புகையிலை விளம்பரத்துக்குத் தடை போட்டது. 2016-லிருந்து பெட்டியின் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படத்துக்கும் வாசகத்துக்குமே போய்விடுகிறது. மீதி 15 சதவீதத்தில் எந்தத் தாத்தா காலத்தை அச்சடிப்பது? அந்தப் படம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுருட்டு செத்தால் அழ மாட்டேன். சுற்றத் தெரிந்த விரல்களுக்கு அடுத்த வேலை என்ன என்று ஒருவரும் கேட்காததுதான் உறுத்துகிறது.

லேபிளை மறைக்க வேண்டிய அவசியமில்லாத சரக்கின் கதை வேறு. காளிமார்க் குளிர்பானக் கம்பெனி, விருதுநகரில் பழனியப்ப நாடார் 1916-ல் தொடங்கியது. அதன் பொவண்டோ ஐம்பதுகளின் இறுதியில் வந்தது. 1993-ல் கோக் இந்தியாவுக்குத் திரும்பியதும் கடைகளுக்கு இலவசமாகக் குளிர்பெட்டி வந்தது. பெட்டி யாருடையதோ, அதற்குள் சரக்கும் அவர்களுடையதே. பல உள்ளூர்ச் சோடாக்கள் அப்போது காணாமல் போயின. பொவண்டோ அப்போதும் கடையை விட்டுப் போகவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதில் அந்நியக் குளிர்பானங்கள் மீதும் கோபம் எழுந்தது; மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றன வணிகர் சங்கங்கள். இளைஞர்கள் பொவண்டோவைக் கையில் எடுத்தார்கள். அதை மறுபிறப்பு என்று எழுதினார்கள். சரக்கு அதுவரை கடையில் இல்லாமலிருந்தால் கோபத்தில் வந்தவர் எதை எடுத்துக் குடித்திருப்பார்?

நிஜமான மறுபிறப்பு, கடைகளில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்த கேம்பா கோலாவுடையது. ரிலையன்ஸ் 2022-ல் பெயரை வாங்கி, 2023-ல் கடைக்குக் கொண்டுவந்தது. 200 மில்லி, பத்து ரூபாய். எண்பதுகளில் அதைக் குடித்தவர்களின் ஞாபகத்தைவிட அந்தப் பத்து ரூபாய்தான் அதிகம் விற்கிறது என்பது என் கணிப்பு. கோக்கின் குளிர்பெட்டியைத் தாக்குப்பிடித்த பொவண்டோவுக்கு இப்போது எதிரே நிற்பது இன்னொரு பழைய பெயர்.