கையைத் துரத்தும் கோடு

1968-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் கே என்ற இளைஞர், அட்டையை வெட்டி ஒட்டி நோட்டுப் புத்தகம் போல ஒன்றைச் செய்தார். அதற்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டிக் கையில் ஏந்திப் பார்த்தார். எவ்வளவு எடை வரைக்கும் ஒரு மனிதர் இதை அலுப்பில்லாமல் தூக்கித் திரிவார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு பவுண்டுக்குள், அதாவது சுமார் 900 கிராமுக்குள் இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் கணினி என்றால் ஓர் அறை. ஆனால் அதே ஆண்டு கோடையில் இலினாய் பல்கலைக்கழகத்தில் கே ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்திருந்தார். ஓர் அங்குலச் சதுரம், உள்ளே நியான் வாயு. கட்டளையிட்ட இடத்தில் ஒரு புள்ளி ஒளிரும். கணினியின் சில்லுகள் எல்லாம் சுருங்கிச் சுருங்கி, அப்படிப்பட்ட ஒரு திரையின் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும் காலம் எப்போது வரும் என்று கணக்குப் போட்டார். 1970-களின் கடைசி அல்லது 1980-களின் தொடக்கம் என்று விடை வந்தது. அந்தக் கற்பனைக் கருவிக்கு டைனாபுக் என்று பெயர் வைத்தார்.

காலக் கணக்கு முப்பது ஆண்டு பிசகியது. எடைக் கணக்கு பிசகவில்லை. 2010-இல் வந்த முதல் ஐபேட் 680 கிராம், 13.4 மில்லிமீட்டர் தடிமன். 2024 மே மாதம் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோ 579 கிராம், 5.1 மில்லிமீட்டர். சாம்சங்கின் 14.6 அங்குலப் பெரும் பலகையும் இப்போது அதே 5.1 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டது. கே வகுத்த எல்லையில் மூன்றில் இரண்டு பங்கு எடைகூட இல்லாத அந்த ஐபேட் ப்ரோவுக்குள் முழுக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இந்த எடை வெறும் பெருமை இல்லை. விமானிகளைக் கேட்டால் தெரியும். வழித்தட வரைபடங்களும் கையேடுகளும் அடைத்த, ஏறக்குறைய 16 கிலோ எடையுள்ள பைகளை அவர்கள் காலங்காலமாகச் சுமந்தார்கள். 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தப் பைகளை இறக்கிவிட்டு ஐபேடைக் கொடுத்தது. அந்த எடை குறைந்ததால் மட்டும் ஆண்டுக்கு 4 லட்சம் கேலன் எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்கிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2015 ஏப்ரலில், வரைபடச் செயலியில் வந்த ஒரு பிழையால் அதே நிறுவனத்தின் பல விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றதும் உண்டு. ஒரு கருவியைத் தொழிலுக்கு உரியது என்று சொல்லும்போது, அது நின்றால் வேலையும் நிற்கும் என்பதும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

அடுத்த தலைமுறைத் தொழில்முறை டேப்லெட் எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் முதலில் அடிபடுவது எப்போதும் சிப்பின் வேகம்தான். நான் பேனாவிலிருந்து தொடங்குகிறேன். வடிவமைப்பாளர், ஓவியர், பொறியாளர், மருத்துவர் என்று இந்தப் பலகையை நாள் முழுக்கப் பயன்படுத்துவோருக்கு அதுதான் உயிர்.

கண்ணாடிமேல் பேனாவை வேகமாக இழுத்துப் பாருங்கள். கோடு முனையோடு ஒட்டி வராது; கொஞ்சம் பின்னால் ஓடி வரும். முனை எங்கே இருக்கிறது என்று கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்வலை உணர வேண்டும். அதை சிப்புக்குச் சொல்ல வேண்டும். வரையும் மென்பொருள் எந்த நிறம், எவ்வளவு பருமன் என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு திரை அடுத்த முறை தன்னைப் புதுப்பிக்கும்போதுதான் அந்தக் கோடு வெளிச்சமாகும். இத்தனைக்கும் சேர்த்து 100 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். கை நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போனால், கோடு 3 சென்டிமீட்டர் பின்தங்கியிருக்கும். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இந்தத் தாமதத்தை 1 மில்லிநொடிக்குக் குறைத்துக் காட்டும் சோதனைக் கருவி ஒன்றைச் செய்தார்கள். அதில் பிந்தல் 0.3 மில்லிமீட்டர்தான். கை வேறு, கோடு வேறு என்ற உணர்வே போய்விடுகிறது.

கடைக்கு வந்த கருவிகள் அந்த இலக்கை நோக்கிப் படிப்படியாகப் போகின்றன. 2017-இல் ஐபேட் ப்ரோவின் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்வதிலிருந்து 120 முறைக்கு மாறியது. தாமதம் 20 மில்லிநொடி என்று அறிவித்தார்கள். அடுத்து 2019-இல் நடந்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. அதே பேனா, அதே கண்ணாடி. புது மென்பொருள் மட்டும் வந்தது. 20 மில்லிநொடி 9 ஆகிவிட்டது. எப்படி? ஒரு பங்கு ஊகம். கை இதுவரை வந்த வேகத்தையும் வளைவையும் பார்த்து, முனை இன்னும் வந்து சேராத இடத்துக்கே கோட்டை முன்கூட்டி நீட்டிவிடுகிறது மென்பொருள். ஊகம் தவறினால் கண் கவனிப்பதற்குள் திருத்திவிடுகிறது. நீங்கள் எழுதும் எழுத்தின் நுனி ஒவ்வொரு கணமும், இன்னும் எழுதப்படாத எழுத்து.

இடத்தைக் கண்டுபிடிப்பதும் அப்படியொரு கணித வித்தைதான். 1964-இல் ராண்ட் நிறுவனம் செய்த பேனாப் பலகையில் அங்குலத்துக்கு 100 கம்பி வீதம் குறுக்கும் நெடுக்கும் பதித்திருந்தார்கள். பத்து அங்குலச் சதுரத்தில் பத்து லட்சம் இடங்கள். விலை 18,000 டாலர். இன்றைய கண்ணாடியிலோ மின்வலையின் இழைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. பேனாவின் சமிக்ஞை இந்த இழையில் எவ்வளவு, பக்கத்து இழையில் எவ்வளவு என்று ஒப்பிட்டு, நடுவில் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே சொல்லிவிடுகிறார்கள். கணக்கு மட்டமாக இருந்தால் காட்டிக்கொடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அளவுகோல் வைத்து மிக மெதுவாக ஒரு சாய்கோடு போடுங்கள். நேராக வர வேண்டிய கோடு பாம்புபோல நெளிந்தால் அந்தப் பலகையை வாங்காதீர்கள்.

ஜப்பானின் வாக்கம் நிறுவனம் வேறு வழி பிடித்தது. சாம்சங்கின் பேனாவும் அந்த வழிதான். எழுதுவதற்கு அந்தப் பேனாவுக்குப் பேட்டரி தேவையில்லை, உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பலகை மின்காந்த அலையை அனுப்புகிறது. அதே அதிர்வுக்கு இசைவாக அமைந்த சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் இருக்கும் பக்கத்துத் தந்தி தொடாமலே அதிருமே, அதே தத்துவம். ஒருநாளும் சார்ஜ் போட வேண்டாத பேனா என்பது, வேலை நடுவில் பேனா அணைந்துபோய்த் தவித்தவருக்கே அருமை தெரியும் வரம்.

அடுத்து வெளிச்சம். 2021-இன் பெரிய ஐபேட் ப்ரோவில் திரைக்குப் பின்னால் பத்தாயிரத்துக்கும் அதிகமான குட்டி எல்இடி விளக்குகளை 2,596 பகுதிகளாகப் பிரித்து வைத்தார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரிந்தது. நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது பெரிய குறை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடிதான் அதற்கு மாற்று. கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் அது. கரிமப் பொருளின் மெல்லிய படலம், மின்சாரம் பாய்ந்தால் ஒளிர்கிறது. ஆனால் ஒளிர ஒளிரத் தேய்கிறது. பிரகாசத்தைக் கூட்ட அதிக மின்சாரம் பாய்ச்சினால், ஆயுள் அதைவிட வேகமாகக் குறையும்.

2024-இன் ஐபேட் ப்ரோவில் இதற்கு வந்த விடை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஒளிப்படலங்கள். ஒரே மின்சாரம் இரண்டு படலங்களிலும் வரிசையாகப் பாய்ந்து, இரண்டிலும் ஒளி தருகிறது. அதனால் அதே பிரகாசத்துக்குப் பாதி மின்னோட்டம் போதும். மின்னழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படுவதால் மின்செலவில் பெரிய மிச்சம் இல்லை. மிச்சம் ஆயுளில்தான். பாரம் பாதியானதால் படலத்தின் ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது. திரை முழுதும் 1,000 நிட் பிரகாசத்தைத் தாங்குவது இதனால்தான். இங்கும் ஒரு சர்ச்சை மிச்சமிருக்கிறது: பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து எரிகின்றன, அந்தத் துடிப்பு சிலருக்குத் தலைவலி தருகிறது. நாள் முழுதும் திரையைப் பார்ப்பதே தொழிலாக உள்ளவர்களுக்கான கருவியில் இது முதலில் தீர வேண்டிய குறை.

பிறகு சூடு. 5.1 மில்லிமீட்டருக்குள் மின்விசிறிக்கு இடம் இல்லை. நீளமான காணொளியைத் தொகுக்கும்போது சிப் காய்கிறது. காய்ந்தால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விளம்பரத்தில் சொன்ன வேகம் முதல் சில நிமிடங்களுக்கே என்று தொழில்காரர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். 2024-இல் ஆப்பிள் பின்பக்கத்தில் கிராஃபைட் தகடுகளை வைத்ததோடு, தன் ஆப்பிள் சின்னத்தையே செம்பால் செய்து அதன் வழியாகச் சூட்டை வெளியே கடத்தியது. ஐபேடின் அடுத்த தலைமுறைக்குப் பலர் எதிர்பார்ப்பது நீராவி அறை. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 ப்ரோவில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. காற்றை உறிஞ்சி எடுத்த தட்டையான உலோக உறைக்குள் துளி நீர். சிப்பின் சூட்டில் நீர் ஆவியாகி, குளிர்ந்த ஓரத்துக்குப் போய்ப் படிந்து, சூட்டை அங்கே விட்டுவிட்டு நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைப் பார்க்கிறோமே, மூடி அவ்வளவு கொதிப்பது அந்த நீராவி விட்டுச் சென்ற சூட்டால்தான். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய 540 மடங்கு, அதே நீரை ஆவியாக்கச் செலவாகிறது. ஒரு துளி நீரை வைத்து இவ்வளவு சூட்டைக் கடத்த முடிவதன் ரகசியம் அது.

மெலிவைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஆப்பிள் சொன்ன பேட்டரி நேரம் 10 மணி. இப்போதும் 10 மணிதான். நடுவில் தடிமன் 13.4-லிருந்து 5.1-ஆக இறங்கியது. ஒவ்வொரு தலைமுறையிலும் கிடைத்த முன்னேற்றத்தை மெலிவுக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரைத் திருப்பிக் கொடுத்து, பேட்டரிக்கும் குளிர்ச்சிக்கும் இடம் விட்டால், ஒரு நாள் முழுக்கக் களத்தில் நிற்கும் கட்டடப் பொறியாளர் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

இத்தனையும் பொறியியல். கடும் சர்ச்சை வேறு இடத்தில் இருக்கிறது. 2,800 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஆப்பிளின் எம்4 சிப் முதலில் வந்தது மேக் கணினியில் இல்லை, ஐபேட் ப்ரோவில். 2024 மே மாதத்தில் பலகைக்கு வந்தது, மேக் கணினிகளுக்கு வந்து சேர இலையுதிர்காலம் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் நிறுவனத்தின் மிகப் புதிய சிப் பலகையில்தான் இருந்தது. ஆனால் மடிக்கணினி செய்யும் பல வேலைகளை அந்தப் பலகை செய்ய அனுமதி இல்லை. நினைத்தபடி அளவு மாற்றக்கூடிய சாளரங்களும், திரையின் மேல் பட்டியும் 2025 செப்டம்பரின் ஐபேட்ஓஎஸ் 26-இல்தான் முழுதாக வந்தன. விசைப்பலகை உறையை மாட்டினால் 13 அங்குலப் பலகையின் எடை மேக்புக் ஏருக்குச் சமமாகிவிடுகிறது. அப்புறம் ஏன் இரண்டு என்று ஒரு தரப்பு கேட்கிறது. தொடுவதற்கென்று பிறந்த கருவியை மடிக்கணினியாக்கினால் இரண்டுமே கெடும் என்கிறது மறு தரப்பு.

மறு தரப்பின் அச்சம் எனக்குப் புரிகிறது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி எண்பது வயதைக் கடந்த பிறகு, 2020 வசந்தத்தில் நார்மண்டியில் உட்கார்ந்து ஐபேடிலேயே மரங்களையும் பூக்களையும் வரைந்தார். 116 படங்களை மறு ஆண்டு லண்டன் ராயல் அகாடமி காட்சிக்கு வைத்தது. அவருக்குச் சாளரங்கள் தேவைப்படவில்லை. கைக்கும் மரத்துக்கும் நடுவில் எதுவும் குறுக்கிடாமல் இருந்ததே போதும். அந்த எளிமையைக் கெடுக்க வேண்டாம்.

ஆனால் எளிமை வேறு, பூட்டு வேறு. டைனாபுக் பற்றிக் கே 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான ஒரு தனிக்கணினி என்பதுதான். குழந்தை அதில் படிக்கும், வரையும் என்பது பாதிக் கனவு. தானே நிரல் எழுதி, அந்தக் கருவியைத் தன் எண்ணப்படி மாற்றும் என்பது மறுபாதி. 2010-இல் ஐபேட் வந்த சில வாரங்களிலேயே, குழந்தைகள் ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழியில் செய்த படைப்புகளைக் காட்டும் ஒரு செயலி ஆப்பிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அதைக் கண்டு வருந்தியவர்களில் கேவும் ஒருவர். பிறகு விதிகள் தளர்ந்தன. இன்று ஐபேடில் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ் மூலம் செயலி எழுதிக் கடைக்கும் அனுப்பலாம். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஐபேட்ஓஎஸ்ஸையும் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததால், அங்கே வேறு செயலிக் கடைகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. மற்ற பல நாடுகளில் அந்தக் கதவு மூடியே கிடக்கிறது.

ஆயுளும் இந்தச் சுதந்திரத்தோடு சேர்ந்ததே. இந்தியாவில் 13 அங்குல எம்4 பலகை ரூ.1,29,900-க்கு வந்தது. அந்த விலைக்கு வாங்கிய ஒன்றை, பேட்டரி தளர்ந்ததும் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்துள்ள விதிகளின்படி, அங்கே விற்கும் டேப்லெட்டின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அட்டைப் பெட்டியில் ஈயக் குண்டு போட்டுப் பார்த்த அந்த மாணவர் கேட்ட எடை கைக்கு வந்துவிட்டது. கோடும் கையை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. வாங்கியவரே தன் கருவியில் நினைத்த நிரலை ஓட்டலாம் என்ற உரிமையும், பழுதானால் பிரித்துச் சரிசெய்யும் வசதியும் இன்னும் பாக்கி. அடுத்த பலகையை எடை போடும்போது முதலில் இவ்விரண்டையும் கேளுங்கள்.