தறிக்காரர் தோளும் ஆட்டுகோலும்

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவரா நீங்கள்? நாடாவில் தார் மாற்றவும், அறுந்த இழையை முடிச்சுப் போடவும் ஒரு ஷிப்டில் எத்தனை முறை கையை நீட்டுகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. இரவில் அந்தத் தோளைக் கீழே வைத்துப் படுக்க முடியாமல் போகும்போதுதான் தெரியவருகிறது.

இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போனால், சிலர் உங்கள் கையில் நீளமான ஒரு கோலைக் கொடுத்து ஆட்டச் சொல்வார்கள். வலிக்கிற கையை எதற்கு ஆட்ட வேண்டும் என்ற சந்தேகம் வருவது நியாயம்தான்.

அது என்ன கோல்? ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் கிலோவுக்குள் எடை. நடுவில் பிடி இருக்கும். அதைப் பிடித்து லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் இரண்டு முனைகளும் வளைந்து வளைந்து துடிக்கும், வினாடிக்கு 5 முறை போல. ஃப்ளெக்ஸிபார், பாடிபிளேடு என்ற பெயர்களில் விற்பவை இந்த வகைதான்.

தோளுக்கு அதனால் என்ன பயன்? இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ பந்து பெரிது, குழி தட்டுப் போல ஆழமில்லாதது. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. தோள் சுலபமாக நழுவுவதும் அதனால்தான். பந்தை நடுவில் நிறுத்திப் பிடிப்பது சுழல் தசைக்கட்டு (மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள்). கோல் துடிக்கும்போது கை ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. அதைத் தடுக்க இந்தத் தசைகளும், முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளும் நீங்கள் நினைக்காமலே இறுகி இறுகித் தளர்கின்றன. பழகப் பழக மூட்டைப் பிடிக்கும் திறன் கூடுகிறது.

நாள் முழுக்கத் தறியின் அதிர்வில்தானே நிற்கிறோம், அது போதாதா? போதாது. தறியின் அதிர்வு வெளியிலிருந்து உடம்புக்குள் ஏறுவது. தசைக்கு அதில் பயிற்சி இல்லை, அலுப்புதான். கோலின் துடிப்பை உண்டாக்குவதும் அடக்குவதும் உங்கள் தசையே. வலித்ததும் நிறுத்திவிடலாம்.

உடனே கோல் வாங்க ஓடாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதித் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். கால்களைச் சற்று அகட்டி நின்று, முழங்கையை லேசாக மடித்து, பாட்டிலை வயிற்றுக்கு நேரே பிடித்துச் சிறுசிறு அசைவாகக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் மோதுவதைத் தோள் தாங்கும். தோளைக் காதை நோக்கித் தூக்காதீர்கள், மூச்சை அடக்காதீர்கள். இந்த இரண்டிலும்தான் பலர் தவறுகிறார்கள். 15 வினாடி குலுக்கி, அரை நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு நீட்டிச் செய்வதெல்லாம் பிறகுதான்.

ரப்பர் பட்டை, டம்பெல் பயிற்சிகளைவிட இது மேலானதா? தசைகளின் மின்துடிப்பை அளந்து பார்த்த ஆய்வுகளில், கோலை ஆட்டும்போது தோள்பட்டைத் தசைகள் நன்றாக உழைப்பது தெரிந்தது. ஆனால் வலி மற்றவற்றைவிடச் சீக்கிரம் போகும் என்று அடித்துச் சொல்லப் போதிய சான்று இல்லை. அவற்றோடு சேர்த்துச் செய்ய நல்லது என்பதே என் கருத்து.

சிலர் இதைத் தொடவே கூடாது. அண்மையில் தோள் நழுவியவர்கள், எலும்பு முறிந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் (மூட்டு உறை தடித்து, கை எந்தப் பக்கமும் திரும்பாமல் போவது) அதிகம் வருகிறது. கடுமையாக வலிக்கும் கட்டத்தில் குலுக்கினால் வலி ஏறும். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது தோள் பிரச்சினை என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

எடப்பாடி பருவதராஜகுலத்தார் தைப்பூசக் காவடியோடு பழனிக்கு நடந்தே போய், மலைமேல் ஓர் இரவு தங்குகிறவர்கள். காவடி தோளில் ஏறுவதற்கு முந்தின வாரம் பயிற்சியைத் தொடங்கிப் பயனில்லை. தசை வலுப்பெற 6 முதல் 8 வாரம் ஆகும், ஆகவே கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

எங்கே காட்டுவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு அந்தச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. போகும்போது "தோள் வலிக்குதுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். தார் மாற்றும்போது கை எப்படிப் போகிறது, எந்த இடத்தில் சுருக்கென்கிறது என்று அங்கேயே செய்து காட்டுங்கள்.