விளையாடும் ஏடு

புதிய ஓவியப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்ததும் கை தயங்கும். தாளோ பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது. முதல் கோடே கோணிவிட்டால் என்ன செய்வது? நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்கும் இந்தத் தயக்கம் உண்டு. பல ஓவியப் புத்தகங்கள் இரண்டே பக்கங்களோடு அலமாரியில் முடங்கிவிடுகின்றன. கலைக் குறிப்பேடு வைத்திருப்போர் பலர் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாள்கின்றனர். முதல் பக்கத்தை அவர்களே கெடுத்துவிடுகின்றனர். தேநீர்க் குவளையின் ஈரமான அடிப்பகுதியைத் தாளில் பதிப்பர். மீந்த வண்ணத்தைப் பழைய துணியால் தேய்ப்பர். வெண்மை போன பிறகு கையின் அச்சமும் போய்விடுகிறது.

கலைக் குறிப்பேடு என்பது பாதி நாட்குறிப்பு, பாதி ஓவியப் புத்தகம். நீர்வண்ணம், பேருந்துச் சீட்டு, நாளிதழ்த் துண்டு, நூல், காய்ந்த இலை, கையெழுத்து எனப் பலவும் ஒரே பக்கத்தில் இடம்பெறும்போது அதனைக் கலப்பு ஊடக ஆக்கம் என்பர். இந்த ஏடு கண்காட்சிக்கும் போவதில்லை. இதற்கு யாரும் மதிப்பெண் இடுவதும் இல்லை. ஆகவே, இதை அதன்மேல் ஊற்றினால் என்ன ஆகும் என்று தோன்றினால், ஊற்றியே பார்த்துவிடலாம்.

புகழ்பெற்ற ஓவியர்களும் இப்படி விளையாடிப் பார்த்திருக்கின்றனர். 1912ஆம் ஆண்டில் பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணித் துண்டைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். மரச்சட்டத்திற்குப் பதிலாக ஓரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார். தமிழ்நாட்டில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963ஆம் ஆண்டில் புதிய வழி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவரின் கணக்குப் புத்தகப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் வடிவங்களும் நெருக்கமாக நிறைந்திருந்த அந்தப் பக்கமே, பின்னாளில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசைக்கு வித்தாயிற்று. அவ்வோவியங்களில் சாதகக் கட்டங்கள் போன்ற கோடுகளும், எந்த மொழியிலும் சேராத எழுத்துகளும் காணப்படும். 1966இல் சென்னைக்கு அருகே கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாவதற்குத் தலைமை ஏற்றவரும் இவரே. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கிறுக்கும் மாணவர்கள் இதைப் பெற்றோரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

இத்தகைய ஏட்டுக்குக் கலைப்பொருள் கடையைத் தேடி ஓட வேண்டியதில்லை. நெகிரி செம்பிலானிலுள்ள போர்டிக்சன் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. மறுபக்கம் செம்பனைத் தோட்டங்களும் இரப்பர் மரங்களும். இங்கே வளரும் ஒருவருக்குக் காலடியிலேயே பொருள்கள் கிடக்கின்றன.

முதலில், பால்மரம். நீர்வண்ண ஓவியர்கள் தாளின் சில இடங்களை வெள்ளையாகவே காக்க விரும்பினால், அவ்விடங்களில் ஒருவகை மறைப்புப் பசையைத் தடவுவர். அது காய்ந்ததும் அதன்மேல் தாராளமாக வண்ணம் பூசலாம். பிறகு விரலால் உருட்டினால் பசை உரிந்துவரும். உள்ளே தாள் வெள்ளையாகவே இருக்கும். கடைகளில் சிறு புட்டிகளில் விற்கும் இந்தப் பசைகள் பலவற்றின் மூலப்பொருள் இயற்கை இரப்பர்ப் பால்தான்! பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்ப்பர். மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து கொட்டகைக்கும் பால் சுமந்தவர்களுக்கு அந்த நெடி புதிதன்று. ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடிய தாத்தாமார்கள், பேரப்பிள்ளையின் ஓவியப் பெட்டியைத் திறந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவர்.

இந்த விளையாட்டில் சில சிக்கல்களும் உண்டு. நல்ல தூரிகையைப் பாலில் தோய்த்தால் அதன் மயிர்கள் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். ஈர்க்குச்சியோ பழைய தூரிகையோ போதும். மெல்லிய தாளில் பூசினால், உரிக்கும்போது தாளும் சேர்ந்து கிழியும். சிலருக்கு இரப்பர்ப் பால் தோலில் பட்டால் ஒவ்வாமை ஏற்படும் என்பதால், அவர்கள் மெழுகுவத்தியைப் பயன்படுத்தலாம். மெழுகால் கோடிழுத்து அதன்மேல் நீர்வண்ணம் பூசினால், கோடு மட்டும் நிறம் ஏறாமல் நிற்கும். பாத்தேக் துணியில் உருகிய மெழுகு செய்வதும் இதே வேலைதான். ஆனால், மெழுகை இரப்பரைப் போல உரித்தெடுக்க முடியாது.

அடுத்தது, சமையலறை. மஞ்சள்தூளை நீரில் கரைத்துத் தாளில் பூசினால் ஒளிரும் மஞ்சள் நிறம் கிடைக்கும். அது காய்ந்த பின், சுண்ணாம்பு நீரில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் எழுதினால், எழுத்து செக்கச்செவேலெனத் தோன்றும். இதில் மாயம் எதுவுமில்லை. ஆலம் சுற்றும் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து நீர் சிவப்பாவதை எல்லாரும் பார்த்திருக்கின்றனர். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தோடு சேரும்போது சிவக்கிறது. சவர்க்கார நீரைக்கொண்டும் இதனைச் சோதிக்கலாம். ஆனால், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் விரைவில் மங்கிவிடும். மூடிய ஏட்டுக்குள் சற்று நீண்ட நாள் நிற்கும். சுவரில் மாட்டினால் நிற்காது.

மூன்றாவது, உரசல். 1925ஆம் ஆண்டில் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், பிரான்சு நாட்டுக் கடற்கரை விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். தேய்ந்துபோன தரைப்பலகைகளின் வரிகள் அவர் கண்ணை இழுத்தன. அவற்றின்மேல் தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்தார். மரத்தின் வரிகள் காடுகளாகவும் பறவைகளாகவும் அவருக்குத் தோன்றின. அவரைப் போலவே செம்பனையின் சொரசொரப்பான அடிமரத்திலும், பால்மரத்தின் வெட்டுத் தழும்பிலும், கிளிஞ்சலின் முதுகிலும் மெல்லிய தாளை வைத்து உரசிப் பார்க்கலாம். வெட்டுத் தழும்பு ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதில் பால்வெட்டியவரின் கை தெரியும். கடற்கரை மணலை ஒட்ட விரும்புவோர், அதனை நல்ல நீரில் கழுவிக் காயவைத்தல் வேண்டும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பக்கம் நசநசத்துப் பூசணம் பிடிக்கும்.

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால், ஒரு பக்கம் மட்டுமே வீணாகும். ஆனால், வீட்டிலுள்ள பழைய தாள்கள் அப்படியல்ல. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, குடும்பங்கள் லயன் வீடுகளை விட்டு வெளியேறின. தகரப்பெட்டியில் வந்து சேர்ந்தவை தாத்தாவின் சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளியின் தேர்ச்சி அறிக்கை, ஓரம் மடிந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போன்றவை மட்டுமே. இவை கலைக் குறிப்பேட்டுக்குப் பொருத்தமானவை. அதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒருமுறை பசை தடவி ஒட்டிய சீட்டைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது அரிது. நீர்வண்ணம் பட்டால் பழைய மை கரைந்து ஓடலாம்.

எனவே, மூலத்தைத் தொடாமல் நகலெடுத்து, அந்த நகலோடு விளையாடுவதே முறை. நகலைக் கிழிக்கலாம், கொத்தாக ஒட்டலாம், தேநீர்ச் சாயத்தில் தோய்த்துப் பழுப்பாக்கலாம். தாத்தாவின் முகத்தைச் சுற்றிப் பால்மர இலையின் நரம்புகளை உரசிப் பதிக்கலாம். சம்பளச் சீட்டின் எண்களைப் பணிக்கரின் கட்டங்களைப் போல அடுக்கலாம். 'பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?' என்று பாட்டியிடம் கேட்டு, அவர் சொன்ன விடையை அவர் சொன்னபடியே ஓரத்தில் எழுதலாம்.

ஒட்டிய பக்கங்கள் ஈரத்தில் சுருங்காமல் இருக்க, இடையே மெழுகுத்தாளை வைத்து, ஏட்டின்மேல் கனமான புத்தகங்களை ஓரிரவு அடுக்கி வைத்தால் போதும். மூலச் சீட்டும் புகைப்படமும் ஈரம் படாத உறைக்குள், மீண்டும் தகரப்பெட்டிக்கே போய்ச் சேரட்டும்.