380 ஆட்டங்கள், ஒரே பட்டியல்: கால்பந்து அட்டவணையும் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்பது, படம் பார்ப்பது, கேம்ஸ் விளையாடுவது என்றுதான் பலருக்கும் பொழுது போகும். கல்லூரியில் சேர்ந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய என் சித்தி மகனும் அப்படித்தான். அவனுக்கு இங்கிலாந்து பிரிமியர் லீக் கால்பந்து என்றால் உயிர். அடுத்த சீசனுக்கான ஆட்ட அட்டவணை எப்போது வரும் என்று ஜூன் மாதம் முழுவதும் திரையையே பார்த்துக் கொண்டிருப்பான்.

"ஆட்டமே ஆகஸ்ட்டில்தானே ஆரம்பம். வெறும் பட்டியலுக்கு ஏன்டா இவ்வளவு தவிப்பு?" என்று கேட்டேன்.

"யாரோட, எங்கே, எப்போ ஆடறோம்ங்கறதுலதான் அண்ணா பாதி விஷயமே இருக்கு" என்றான்.

"இருபது அணிதானே? அரை மணி நேரத்தில் நானே புரோகிராம் எழுதிப் பட்டியல் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சாப்ட்வேர் என்ஜினியர் என்ற நினைப்பு! சொன்னபடியே அரை மணி நேரத்தில் எழுதியும் விட்டேன். அவன் பிரிண்ட்டைப் பத்து விநாடி பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். என்ன தவறு செய்தேன் என்பதைச் சொல்லும் முன், கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

பிரிமியர் லீக் 1992ல் 22 அணிகளுடன் தொடங்கியது. 1995-96 சீசனிலிருந்து 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளுடன் இரண்டு முறை மோத வேண்டும். ஒரு முறை உள்ளூரில், அதாவது தன் சொந்த மைதானத்தில். ஒரு முறை வெளியூரில், எதிரணியின் மைதானத்தில். 20ஐ 19ஆல் பெருக்கினால் 380. மொத்த ஆட்டங்கள் 380. ஒரு சுற்றுக்குப் பத்து ஆட்டங்கள் வீதம் 38 சுற்றுகள்.

இவ்வளவுதானே என்று தோன்றும். ஒரே ஒரு சுற்றை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். 20 அணிகளைப் பத்து ஜோடிகளாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 19, 17, 15, 13 என்று ஒன்று வரை உள்ள ஒற்றைப்படை எண்களை எல்லாம் பெருக்கினால் விடை கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து பெருக்கிப் பாருங்கள். 65 கோடியே 47 லட்சத்து 29 ஆயிரத்து 75 வரும்! விநாடிக்குப் பத்து லட்சம் விதங்களைப் பரிசோதிக்கும் புரோகிராமுக்கும், இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட 11 நிமிடங்கள் ஆகும். அடுத்த சுற்றிலும் கோடிக்கணக்கான விதங்கள் உண்டு. இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். இப்படி 38 சுற்றுகள். எல்லாவற்றையும் பரிசோதித்துச் சிறந்ததை எடுப்பது என்பது எந்தக் கம்ப்யூட்டராலும் நடக்காத காரியம். அதனால் வேறு ஒரு வழியைக் கையாள்கிறார்கள்.

எக்ஸெல்லில் செய்து பாருங்கள்

அந்த வழிக்குச் சுழற்சி முறை என்று பெயர் வைத்துக் கொள்வோம். ஆறு அணிகளை வைத்துப் பார்க்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து கொள்ளுங்கள். மேல் வரிசையில் மூன்று செல்களில் 1, 2, 3 என டைப் செய்யுங்கள். அவற்றுக்கு நேர் கீழே 6, 5, 4 என டைப் செய்யுங்கள். மேலும் கீழுமாக உள்ள எண்கள்தான் ஜோடிகள். முதல் வாரம் 1-6, 2-5, 3-4 மோதும்.

அடுத்த வாரத்திற்கு 1ஐ மட்டும் நகர்த்தாமல் அதே இடத்தில் விடுங்கள். மற்ற ஐந்து எண்களும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். மேல் வரிசை 1, 6, 2 என்றும் கீழ் வரிசை 5, 4, 3 என்றும் மாறும். இப்போது 1-5, 6-4, 2-3 மோதும். இப்படி ஐந்து வாரம் சுழற்றினால் 15 ஆட்டங்கள் கிடைக்கும். ஒரு ஜோடி கூடத் திரும்ப வராது, ஒன்று கூட விடுபடாது. சரிபார்த்துக் கொள்ளுங்கள். அணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் போதும், 20 அணிகளுக்கும் இதே முறைதான்.

நான் எழுதிய புரோகிராமும் இதைத்தான் செய்தது. மேல் வரிசையில் இருக்கும் அணிக்கு உள்ளூர், கீழ் வரிசைக்கு வெளியூர் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அணிகளை ஆங்கில அகர வரிசையில் கொடுத்ததால் முதல் இடம் அர்செனலுக்குப் போனது. முதல் இடம்தான் நகரவே நகராதே! அர்செனலுக்குத் தொடர்ந்து 19 ஆட்டங்கள் உள்ளூரில். பிறகு தொடர்ந்து 19 ஆட்டங்கள் வெளியூரில். மற்ற அணிகள் மேல் வரிசையைக் கடக்க ஒன்பது வாரம், கீழ் வரிசையைக் கடக்கப் பத்து வாரம். ஒன்பது வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டுப் பத்து வாரம் ஊர் ஊராக அலைய வேண்டும்.

"இதை எழுதினது அர்செனல் ரசிகரா, அண்ணா?" என்று கேட்டான் என் தம்பி. புரோகிராமில் பிழை எதுவும் இல்லை. நான் சொன்னதை அது அப்படியே செய்திருந்தது. சொல்ல வேண்டியதை நான்தான் சொல்லவில்லை.

ஒன்றும் பூஜ்யமும்

சரி, திருத்துவோம். அதே எக்ஸெல் ஷீட்டில் இன்னொரு டேபிள் போடுங்கள். இடப்பக்கம் 1 முதல் 6 வரை அணிகள், மேலே ஐந்து வாரங்கள். ஓர் அணிக்கு அந்த வாரம் உள்ளூர் என்றால் 1, வெளியூர் என்றால் 0 என டைப் செய்யுங்கள். யாருக்கு உள்ளூர் என்பதற்கு இப்போது புதிய விதி. முதல் ஜோடியில் ஒரு வாரம் மேலே உள்ள அணிக்கு, மறு வாரம் கீழே உள்ள அணிக்கு என மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டாவது ஜோடியில் எப்போதும் கீழே உள்ள அணிக்கு. மூன்றாவது ஜோடியில் எப்போதும் மேலே உள்ள அணிக்கு.

டேபிளை நிரப்பியதும் எண்கள் உள்ள செல்களைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், ஈக்வல் டு எனச் சென்று 1 எனக் கொடுத்துப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். (இந்த மெனு வழி எக்ஸெல்லுக்கு உரியது.) உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் பச்சையாகத் தெரியும். முதல் அணிக்கு 1, 0, 1, 0, 1. இரண்டாவது அணிக்கு 0, 1, 0, 1, 0. இரண்டும் அழகாக மாறி மாறி வருகின்றன. ஆனால் மற்ற நான்கு அணிகளுக்கும் எங்காவது ஓர் இடத்தில் ஒரே எண் இரண்டு முறை அடுத்தடுத்து வந்திருக்கும்.

அதையும் சரி செய்யலாமே என்று நினைக்கிறீர்களா? நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்றேன். முடியவே முடியாது! காரணம் எளிது. மாறி மாறி வர இரண்டே வழிகள்தான் உண்டு: உள்ளூரில் தொடங்குவது, வெளியூரில் தொடங்குவது. மூன்றாவதாக ஓர் அணிக்கும் அப்படிக் கொடுத்தால், அது முதல் இரண்டில் ஏதாவது ஒன்றின் நகலாக இருக்கும். ஒரே மாதிரி வரிசை கொண்ட இரண்டு அணிகள் எந்த வாரமும் ஒன்றாகவே உள்ளூரில் இருக்கும், ஒன்றாகவே வெளியூரில் இருக்கும். பிறகு அவை இரண்டும் எப்படி மோத முடியும்? ஆகவே ஆறு அணிகள் என்றாலும் 20 அணிகள் என்றாலும், இரண்டே அணிகளுக்குத்தான் இந்தப் பாக்கியம். பிரிமியர் லீக்கில் மற்ற 18 அணிகளும் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். யார் எங்கே விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் எப்படிச் செய்கிறார்கள்?

இதற்காகப் பிரிமியர் லீக் சில விதிகளை வைத்துள்ளது. எந்த அணியும் சீசனை இரண்டு உள்ளூர் ஆட்டங்களுடனோ இரண்டு வெளியூர் ஆட்டங்களுடனோ தொடங்கவோ முடிக்கவோ கூடாது. தொடர்ச்சியாக எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்க வேண்டும். நம் டேபிளில் சொன்னால், அடுத்தடுத்த ஐந்து செல்களின் கூட்டுத்தொகை 2 அல்லது 3 ஆக இருக்க வேண்டும். உங்கள் டேபிளில் ஆட்டோசம் கொடுத்துப் பாருங்கள். இந்த விதியில் ஆறு அணிகளும் தேறும். ஆனால் ஐந்தாவது அணி 1, 1 என்றும் ஆறாவது அணி 0, 0 என்றும் தொடங்குவதைப் பாருங்கள். முதல் விதியில் அவை அடிபட்டுவிடும்!

இனி ஊர்ப் பிரச்னை. லிவர்பூல், எவர்ட்டன் இரண்டும் ஒரே நகரத்து அணிகள். மான்செஸ்டரிலும் இரண்டு பெரிய அணிகள். ஒரே நாளில் இரண்டும் உள்ளூரில் ஆடினால் போலீசாரும் ரயில்களும் திணறிப் போவார்கள். அதனால் ஒன்று உள்ளூர் என்றால் மற்றது வெளியூர் என்று சேர்த்து வைத்துவிடுவார்கள். எந்தெந்தத் தேதிகளில் தங்கள் மைதானத்தில் ஆட்டம் வேண்டாம் என்று கிளப்புகளிடமும் முன்கூட்டியே கேட்டுக் கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆடும்போது ரசிகர்கள் வெகுதூரம் பயணம் செய்ய வேண்டியிராதபடி பார்ப்பார்கள். அன்று உள்ளூரில் ஆடிய அணிக்குப் புத்தாண்டு ஆட்டம் வெளியூரில்.

தேதிகளே தட்டுப்பாடுதான். நாடுகளுக்கிடையிலான ஆட்ட நாட்கள், ஐரோப்பியக் கோப்பை நாட்கள், உள்நாட்டுக் கோப்பை நாட்கள் எல்லாம் போக மிஞ்சியதுதான் லீக்குக்கு. 2026-27 சீசனையே எடுத்துக் கொள்ளுங்கள். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திற்கு 2026 ஜூலை 19 எனத் தேதி குறிக்கப்பட்டதால், வீரர்களுக்கு ஓய்வு கிடைக்க லீக் ஆகஸ்ட் 22 வார இறுதியில் தொடங்கி, 2027 மே 30 அன்று முடியும் என்று அறிவித்தார்கள். 33 சுற்றுகள் வார இறுதிகளில், ஐந்து சுற்றுகள் வார நடுவில்.

பிரிமியர் லீக்குடன் அதற்குக் கீழே தலா 24 அணிகள் கொண்ட மூன்று பிரிவுகளின் பட்டியலும் சேர்ந்தே தயாராகும். எல்லாம் சேர்த்தால் 2,036 ஆட்டங்கள். ஆட்டோஸ் என்ற நிறுவனத்தின் கிளென் தாம்ப்சன் இந்தப் பணியைப் பல ஆண்டுகள் கவனித்தவர். கம்ப்யூட்டர் பட்டியலைத் தந்ததும் வேலை முடிந்துவிடாது. மனிதர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரச்னையாகப் பார்த்துத் திருத்துவார்கள். ஓர் ஆட்டத்தை மாற்றினால் அது பல அணிகளை இழுத்துக்கொண்டு வரும். மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பொதுவாக இப்படிப்பட்ட புரோகிராம்களில் நிபந்தனைகளை இரண்டு வகையாகப் பிரித்துத் தருவோம். மீறவே கூடாதவை ஒரு வகை. கூடியவரை காப்பாற்ற வேண்டியவை இன்னொரு வகை. இரண்டாம் வகையில் ஒவ்வொரு மீறலுக்கும் இத்தனை அபராதப் புள்ளி என்று வைத்து, குறைந்த அபராதம் உள்ள பட்டியலைத் தேடச் சொல்வோம். எந்த மீறலுக்கு எவ்வளவு புள்ளி? அதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்வதில்லை; மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் போட்டதுதானே!

இந்தக் கட்டுரையை எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் அக்கா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே டியூட்டி பட்டியல் போடச் சாப்ட்வேர் வந்த புதிதில், அக்காவுக்குத் தொடர்ந்து மூன்று வாரம் இரவு டியூட்டி விழுந்தது. கேட்டபோது, "கம்ப்யூட்டர் போட்டதும்மா, நாங்க என்ன பண்றது?" என்று பதில் வந்ததாம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அந்த மூன்று வாரமும் போய் வந்தாள். அன்று எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. அர்செனலின் 19 உள்ளூர் ஆட்டங்களைப் பார்த்த பிறகுதான் அக்காவின் பட்டியலில் என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. இரவு டியூட்டி தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் கூடாது என்ற ஒரு நிபந்தனையை யாரோ கொடுக்க மறந்திருப்பார்கள். அவ்வளவுதான்.

ஆகவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டியூட்டி பட்டியலோ, டியூஷன் நேரமோ, கோயில் திருவிழா முறையோ, எதைக் கம்ப்யூட்டரில் போட்டாலும் பிரிண்ட் எடுக்கும் முன் ஒருமுறை ஒவ்வொருவருடைய வரிசையையும் தனித்தனியே பாருங்கள். யாருக்காவது 1, 1, 1 என்று வருகிறதா? யாருக்காவது 0, 0, 0 என்று வருகிறதா? வந்தால் நிபந்தனையைச் சேர்த்து மீண்டும் போடுங்கள். "கம்ப்யூட்டர் போட்டது" என்று யாராவது சொன்னால், "என்ன நிபந்தனை கொடுத்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆறு அணிகளுக்குச் சரியாக வந்துவிட்டால், அடுத்து எட்டு அணிகளுக்கு முயன்று பாருங்கள். ஏழு வாரம், 28 ஆட்டங்கள். நான்காவது ஜோடியில் கீழே உள்ள அணிக்கு உள்ளூர். என் தம்பி இப்போது 20 அணிகளுக்கும் போட்டு வைத்திருக்கிறான். அதில் முதல் இடத்தில் அர்செனல் இல்லை. யாருக்கும் சலுகை இருக்கக் கூடாது என்று சீட்டுக் குலுக்கி எண் கொடுத்தானாம்!