செல்லுக்குள் செய்தி எப்படிப் போகிறது?

சில ஹார்மோன்கள் செல்லின் வெளிச்சவ்வில் வந்து ஒட்டியதும், பாஸ்போலிப்பேஸ்-சி என்னும் நொதி சவ்விலுள்ள ஒரு கொழுப்பை வெட்டுகிறது. அதிலிருந்து பிரிவதே இனோசிட்டால் முப்பாஸ்பேட். நீரில் கரையும் இம்மூலக்கூறு உள்ளே பரவி, எண்டோபிளாச வலையின் வாயில்களைத் திறக்கிறது. அங்கே சேர்ந்திருக்கும் கால்சியம் வெளியே பாய்ந்து சுரப்பிகளைச் சுரக்கவும் தசைகளைச் சுருங்கவும் வைக்கிறது. 1983இல் கணையச் செல்களில் இதைக் காட்டியவர்கள் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ். செல்லியலின் அருமையான கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று.

இதே இனோசிட்டால் பாஸ்பேட் குடும்பத்தில் ஆறு பாஸ்பேட்டுகளை ஏந்திய ஃபைட்டிக் அமிலம், விதைகளின் பாஸ்பரஸ் கிடங்கு. கோவை மாவட்டக் காரமடைப் பக்கத்துச் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் அது உண்டு. அதைப் பிரிக்கும் ஃபைட்டேஸ் நொதி கோழியின் குடலில் போதாது. ஃபைட்டிக் அமிலத்திலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் எச்சத்தோடு போய்விடும். அதனால்தான் கோழித் தீவனத்தில் ஃபைட்டேஸ் சேர்க்கிறார்கள். ஃபைட்டிக் அமிலம் குறைந்த மக்காச்சோளத்துக்கான ஆய்வு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளது.