மரமேறும் சாலமாண்டர்

பார்வைக்குப் பல்லி போலிருந்தாலும் சாலமாண்டர் தவளைக்கு உறவான பிராணி. மத்திய அமெரிக்காவின் குவாதமாலா நாட்டு மலைகளில் வாழும் சாலமாண்டர்களுக்கு நுரையீரலே கிடையாது! ஈரத்தோல் வழியாகவும் வாயின் உட்புறச் சவ்வு வழியாகவுமே சுவாசிக்கின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

ஆகவே மரமேறும் வகைகள் ஈரம் தேடியே குடியிருக்கின்றன. அங்குள்ள மேகக் காடுகளில் அன்னாசிக் குடும்பத்துச் செடிகள் மரக்கிளைகளில் தொற்றி வளரும். மழைநீர் இலையிடுக்கில் தேங்கும். பகலெல்லாம் அதற்குள் பதுங்கியிருந்து, இரவில் நாக்கை அம்புபோல் வீசிச் சிறு பூச்சிகளைப் பிடிக்கின்றன. முட்டையிடக் குளம் குட்டை தேவையில்லை. தலைப்பிரட்டைப் பருவமின்றி முட்டையிலிருந்து நேராகக் குஞ்சே வெளிவரும்.

மலையடிவாரக் காப்பித் தோட்டங்களிலும் ஒருசில வகைகள் உண்டு. அங்கே வாழை மட்டை இடுக்குதான் வீடு. நிழல் மரமும் வாழையும் வெட்டப்பட்டால் அந்த ஈரமும் போய்விடும். தெளிக்கும் மருந்தும் மூச்சு விடும் அதே தோல் வழியே உள்ளே இறங்கக்கூடியது.

காட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. தஜுமுல்கோ எரிமலைச் சரிவுகளில் 1970களில் ஏராளமாக இருந்த இரு வகைகள், 2009இல் வெளியான ஆய்வின்போது தேடியும் அகப்படவில்லை. தோலைத் தாக்கும் பூசண நோய் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.